கிளாட்டில் 54.5 வாங்கிய பிறகு

பிளஸ் டூ படிக்கிறவர்களுக்கு, சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வின் ரிசல்ட் வந்து சேருகிற நேரம் இருக்கிறதே, அது கொஞ்சம் கொடுமையானது. தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில். ரிசல்ட்டும் அதே மாதம் வந்துவிடும். பொதுத்தேர்வு மார்ச்சில். நல்ல ரேங்க் வந்தவர்கள் பாதி பாரம் இறங்கிய நிம்மதியில் பொதுத்தேர்வுக்கு உட்காருவார்கள். மற்றவர்கள் மனசு விட்டுப்போன அதே வாரத்தில் அக்கவுண்டன்சி புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

நான் மற்றவர்களில் ஒருத்தி. 2023 டிசம்பரில் எழுதினேன், 120 கேள்வித் தாளில் 54.5 மார்க். அந்த ரேங்க்கை வைத்துக்கொண்டு எந்தத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் இடம் கேட்க முடியாது. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, நம்ம திருச்சி என்று நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட இந்தப் பல்கலைக்கழகங்களில் ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு கிளாட்தான் வாசல். டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. மதுரையை ஒட்டிய எங்கள் மேலூர் பக்கம் நீட் என்றால் எல்லாருக்கும் தெரியும். கிளாட் என்றால், "அது என்னம்மா, டீச்சர் பரீட்சையா?" என்று கேட்பார்கள். அதனால் நான் கோட்டை விட்டதும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அது ஒரு வசதி.

முதல் காரியமாக கிளாட் புத்தகங்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றினோம். இதை நான் எல்லாருக்கும் சொல்வேன். டிசம்பரில் மார்க் குறைந்துவிட்டதே என்று ஜனவரி முழுக்க அடுத்த வருஷத்து கிளாட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டு, பிளஸ் டூ மார்க்கையும் விட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அது இரட்டை நஷ்டம். இங்கே டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழ் இருக்கிற அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்து வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கிளாட் கைவிட்டாலும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமென்றால் மார்ச்சில் ஒழுங்காக எழுதியாக வேண்டும்.

பொதுத்தேர்வு முடிந்ததும் வீட்டில் பேச்சு வந்தது. "வக்கீலுக்குப் படிக்கிறதுக்கு ஒரு வருஷம் வீட்ல உட்காரணுமா பாப்பா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து வக்கீல்களில் பெரும்பாலானவர்கள் மதுரை சட்டக் கல்லூரியில் படித்தவர்கள். இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்த பி. சதாசிவம் படித்ததே சென்னை அரசு சட்டக் கல்லூரியில்தான். அதைச் சொல்லி அப்பா மடக்கினார். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை எழுத வேண்டும் என்றிருந்தது. கிளாட்டுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது என்பதை எடுத்துச் சொன்னேன். வேறு சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்துவிட்டு அடுத்த டிசம்பரில் எழுதலாம், அப்படிச் செய்கிறவர்களும் நிறைய. ஆனால் இடம் கிடைத்தால் இங்கே படித்ததை விட்டுவிட்டு அங்கே மறுபடி முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் எப்படிப் பார்த்தாலும் ஒரு வருஷம் போகத்தான் போகிறது. கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "இந்த ஒரு தடவைதான். வரலேன்னா மதுரை லா காலேஜ். அதுக்கப்புறம் அழக்கூடாது."

கேட்கும்போது கறாராக இருந்தது. ஆனால் அந்த வருஷம் என்னைத் தெம்பாக வைத்திருந்தது அந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். தோற்றால் என்ன ஆகும் என்பது முன்னாலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அதை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்து படிக்கப்போகிறவர்கள் இந்த 'வரலேன்னா' பேச்சை முதல் வாரமே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். நவம்பரில் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

சரி, படிப்புக்கு வருவோம். முதல் தடவை கோச்சிங் போன இடத்தில், பெயர் வேண்டாம், ரிசல்ட் சரியில்லை என்று போய் நின்றபோது இன்னும் மூன்று புத்தகமும் ஒரு புது மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) பேக்கேஜும் வாங்கச் சொன்னார்கள். கூடவே அரை மணி நேரம் தன்னம்பிக்கைப் பேச்சு. அந்தப் பேச்சின் வேகம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருந்தது. புத்தகங்களை வாங்கவில்லை, பணம் இல்லாததால். இல்லாததும் நல்லதாகப் போயிற்று.

கிளாட் கேள்வித்தாளைக் கையோடு எடுத்துவரலாம். இறுதி விடைக்குறிப்பும் பிற்பாடு வெளியாகிவிடும். பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது புத்தகங்களைத் தொடாமல் அந்தக் கேள்வித்தாளை மட்டும் எடுத்தேன். 112 கேள்விக்கு விடை எழுதியிருந்தேன். 66 சரி, 46 தப்பு. ஒரு தப்புக்குக் கால் மார்க் வீதம் 11.5 போய், மிச்சம் 54.5.

அந்த 46ஐயும், எது சரியான விடை என்று பார்க்காமல், கடிகாரமும் வைக்காமல், திரும்பச் செய்தேன். பாதிக்கு மேல் சரியாக வந்தது.

இதை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். தெரியாததால் போன மார்க் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் தெரிந்தே போனது. புதுப் புத்தகம் வாங்கினால் இது சரியாகுமா? ஆகாது. எந்தப் பாடத்தில் வீக் என்று கேட்பதைவிட, எந்த மாதிரித் தப்பு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். அதுவரைக்கும் மனசுக்குள் 'நமக்கு இது வராது' என்று ஒரு குரல் இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்த அன்று அது பாதியாகக் குறைந்தது. ஊக்கம் வேண்டும் என்று வீடியோ வீடியோவாகப் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் தோன்றும். மார்க் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், அதை அடைக்க வேண்டும் என்ற வேகம் தானாக வரும்.

ஒரு நோட்டுப் போட்டேன். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வரி, தமிழில். 'பத்தியே புரியவில்லை.' 'இரண்டு ஆப்ஷன் வரைக்கும் வந்து தப்பானதை எடுத்தேன்.' 'நேரமில்லை, குத்துமதிப்பு.' 'கேள்வியில் இருந்த நாட் (not) என்ற சொல்லைப் பார்க்கவில்லை.' பக்கங்கள் சேரச் சேர இரண்டாவது வகைதான் அதிகம் என்று தெரிந்தது. அதிலும் பெரும்பகுதி லீகல் ரீசனிங், அதாவது கொடுத்த சட்ட விதியை ஒரு சம்பவத்துக்குப் பொருத்திப் பார்க்கிற பகுதி.

ஒரு மாதிரி சொல்கிறேன். இது நானே கட்டியது, ஆனால் கேள்விகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பத்தியில் ஒரு விதி கொடுத்திருப்பார்கள். அனுமதியில்லாமல் இன்னொருவர் நிலத்துக்குள் நுழைந்தாலே அத்துமீறல். நோக்கம் நல்லதா கெட்டதா, சேதம் ஆனதா இல்லையா என்பதெல்லாம் பொருட்டில்லை. அப்புறம் ஒரு கதை. ஒருவருடைய ஆடு பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டது. அவர் உள்ளே போய் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு குரும்பையைக்கூடத் தொடவில்லை. இது அத்துமீறலா?

நான்கு ஆப்ஷன். சேதம் இல்லாததால் அத்துமீறல் இல்லை. கெட்ட நோக்கம் இல்லாததால் அத்துமீறல் இல்லை. அனுமதியின்றி நுழைந்ததால் அத்துமீறல். ஆட்டைக் கட்டிவைக்காதது அவர் தப்பு என்பதால் அத்துமீறல்.

ஊரில் வளர்ந்தவர்களுக்கு மனசு முதல் இரண்டுக்குத்தான் போகும். ஆட்டைப் பிடிக்கப் போனவரை யாராவது குற்றம் சொல்வார்களா? ஆனால் கேட்டது ஊர் நியாயம் இல்லை, பத்தியில் இருக்கிற விதி. மூன்றாவதுதான் விடை. நான்காவது இன்னும் விஷமமானது. முடிவு சரி, காரணம் தப்பு. பத்தியில் ஆட்டைக் கட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. அரைகுறையாகச் சட்டம் படித்தவர்களுக்கு இரண்டாவது ஒரு பொறி. குற்றவியல் சட்டத்தில் அத்துமீறலுக்குக் கெட்ட நோக்கம் வேண்டும் என்று எங்கேயோ மனப்பாடம் செய்திருப்பார்கள், அதை இங்கே கொண்டுவந்து போடுவார்கள். கிளாட்டுக்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. சில சமயம் தெரிந்திருப்பதே தொந்தரவு. இதற்குப் பிறகு லீகல் பகுதியில் விடையைக் குறிக்கும் முன், அந்த விடைக்கான வரி பத்தியில் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்ப்பேன். விரல் வைக்க இடமில்லை என்றால் அந்த ஆப்ஷன் இல்லை. கேட்க அற்பமாக இருக்கும். எனக்கு அதிக மார்க் திருப்பித் தந்தது இந்த விரல்தான்.

நெகட்டிவ் மார்க் பற்றி ஒரு வார்த்தை. 'தெரியாததைத் தொடாதே' என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கில் இரண்டு ஆப்ஷனைத் தள்ளிவிட முடிந்தால், மிச்ச இரண்டில் ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்தாலும் சராசரியாக 0.375 மார்க் லாபம். ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால்கூடச் சராசரியில் நஷ்டமில்லை, ஒரு துளி லாபம்தான். அதற்காகத் தெரியாததையெல்லாம் குறியுங்கள் என்று சொல்லவில்லை. கால் மார்க்கை நினைத்துக் கை நடுங்குவதுதான் தேவையில்லாதது. நிஜமான நஷ்டம் நேரத்தில். வராத கேள்வியோடு மூன்று நிமிஷம் மல்லுக்கட்டினால், கடைசியில் இருக்கிற இரண்டு சுலபமான கேள்விகளைப் பார்க்காமலே விட்டுவிடுவோம்.

நேரம் ஏன் போதவில்லை? 120 நிமிஷத்தில் 120 கேள்வி, ஆனால் எல்லாம் பத்தியைப் படித்து விடை சொல்கிற கேள்வி. ஒவ்வொரு பத்தியும் ஏறக்குறைய 450 சொல். மொத்தமாகக் கூட்டினால் இரண்டு மணி நேரத்தில் சுமார் பத்தாயிரம் ஆங்கிலச் சொல் படிக்க வேண்டும். தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். பத்தாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்த எனக்குச் சுற்றி வளைக்காமல் சொன்னால் அதுதான் பிரச்சினை. தினமும் 'தி இந்து' தலையங்கம் படி, தெரியாத சொல்லையெல்லாம் எழுதி வை என்பார்கள். எழுதி வைத்தேன். நோட்டு நிறைந்தது, வேகம் கூடவில்லை.

பிடி கிடைத்தது வேறு வழியில். ஒரு செய்தியை முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படித்துவிட்டு, அதே விஷயத்தை ஆங்கிலத்தில் படிப்பது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி பட்டியல் சாதி இடஒதுக்கீட்டில் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் 2009 அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் அதில் சம்பந்தப்பட்டது என்பதால் தமிழ்ப் பத்திரிகைகள் அலசித் தள்ளின. அதைப் படித்துவிட்டு ஆங்கிலக் கட்டுரைக்குப் போனால் பாதி தூரம் ஏற்கனவே நடந்து முடிந்தது போல இருந்தது. தேர்தல் பத்திரத் தீர்ப்பு, ஜூலை 1 முதல் அமலான மூன்று புதுக் குற்றவியல் சட்டங்கள், எல்லாவற்றையும் இப்படித்தான் படித்தேன். படித்து முடித்ததும் அகராதியைத் தொடாமல், 'இவர் என்ன சொல்ல வர்றார்?' என்று ஒரு வரி தமிழில். அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று அர்த்தம், எத்தனை சொல்லுக்குப் பொருள் தெரிந்திருந்தாலும். இதில் நடப்பு நிகழ்வுகளும் சேர்ந்தே முடிந்துவிடும். அந்தப் பகுதியில் மட்டும் 28 முதல் 32 கேள்வி வரை வரும். விஷயம் தெரிந்தவர்களுக்குப் பத்தியைப் படிக்காமலே பெரும்பாலானவற்றுக்கு விடை வந்துவிடும். மிச்சமாகிற நேரம் லீகலுக்கு.

குவான்ட் என்கிற கணக்குப் பகுதியைச் சட்டம் படிக்க வருகிறவர்கள் பேயைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். 10 முதல் 14 கேள்விதான், பத்தாம் வகுப்புக் கணக்குதான். சதவீதம், விகிதம், சராசரி, ஒரு அட்டவணையைப் பார்த்துச் சொல்வது. சமச்சீர் புத்தகமே போதும். சீக்கிரம் மார்க் ஏறுகிற இடம் இது. துவண்டு போனவர்கள் இங்கிருந்து தொடங்கினால் முதல் மாதத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு முன்னேற்றம் இருக்கும்.

வீட்டில் படிக்க முடியவில்லை. யாராவது வருவார்கள், டீ போடு, கடைக்குப் போ. மதுரை நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்திருந்தார்கள். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து டவுன் பஸ். காசு கட்ட வேண்டியதில்லை, ஏசி, சத்தமில்லை. அங்கே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள். குரூப் டூவில் நூலிழையில் விட்டுவிட்டு மறுபடி படிக்கிற ஒரு அக்கா என் மேசைக்கு எதிரில் உட்காருவார். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மட்டும்தான் பேசுவோம். என் மாக் டெஸ்ட் மார்க்குகளை ஒரு நாள் காட்டினேன். 58, 64, 61, 70, 59. ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியவில்லை. 59 வந்த அன்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்றிருந்தது. அக்கா இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே பேப்பரா? அந்த 59க்கு ரேங்க் என்ன?" என்றார். பார்த்தேன். 70 வந்த டெஸ்ட்டைவிட நல்ல ரேங்க். அந்தத் தாள் எல்லாருக்குமே கஷ்டம்.

அதன் பிறகு மார்க்கைக் குறிப்பதை நிறுத்திவிட்டு ரேங்க்கை மட்டும் குறித்தேன், அதிலும் கடைசி நான்கைந்து டெஸ்ட்டின் சராசரியை. வாரத்துக்கு ஒரு மாக், அதற்கு மேல் வேண்டாம். எழுதுவது இரண்டு மணி நேரம், அதை அலசுவது இரண்டு நாள். தினம் ஒன்று எழுதினேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் ஒரே தப்பைத் தினமும் பழகுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கோபப்படுவார்கள், பரவாயில்லை.

சொந்தக்காரர்கள் விஷயத்தை நீட்ட வேண்டாம். ஒரு கல்யாணத்தில் பெரியம்மா, "என்னடி, காலேஜ் சேரலையாமே?" என்று பந்தியில் சத்தமாகக் கேட்டார். "சேரப் போறேன் பெரியம்மா, அடுத்த வருஷம்" என்றேன். அதற்கு மேல் அவர்களுக்கும் ஒன்றும் இல்லை, ரசம் வந்துவிட்டது. ஒரு வரி பதிலைத் தயாராக வைத்திருங்கள், விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். விளக்கம்தான் மனசைக் கெடுக்கும்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி இரண்டாவது தடவை எழுதினேன். நடப்பு நிகழ்வுகள் முதலில், அப்புறம் லீகல், லாஜிக்கல், ஆங்கிலம், கடைசியாகக் குவான்ட். வட்டங்களை நிரப்புகிற ஓஎம்ஆர் தாளில் பேனாவால் குறிக்க வேண்டும், அழிக்க முடியாது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதன் விடைகளை உடனே குறித்துவிட்டேன். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மொத்தமாக வைத்திருந்தால் ஒரு வரிசை மாறினாலும் எல்லாம் மாறும். அந்த வருஷத் தாள் முந்தையதைவிட எனக்குச் சுலபமாகப் பட்டது, என் மார்க் எகிறியது. மற்றவர்களுக்கும் அப்படி ஏறியிருக்கலாம். ரேங்க்தான் பேசும் என்று அக்கா சொல்லித்தந்தது அன்று கை கொடுத்தது. விடைக்குறிப்பில் சில கேள்விகள் பற்றி வழக்கு டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதுவரைக்கும் கவுன்சிலிங் நகரவில்லை. இப்போது திருச்சியில் படிக்கிறேன். அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று ஒதுக்கீடு இருக்கிறது. அகில இந்திய ரேங்க்கை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை மூடிவிடாமல், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டையும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீசில் கடைசி வாரத்தில் ஒன்றும் நடக்காது.

நூலகத்தில் என்னோடு சேர்ந்து கிளாட்டுக்குப் படித்த தோழிக்கு ரேங்க் வரவில்லை. அவள் மதுரை அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். மாணவர்கள் வாதாடிப் பழகுகிற மூட் கோர்ட்டில் வாதாடச் சொன்னால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். கிளாட் கவுன்சிலிங்குக்காகக் காத்திருந்த நேரத்திலேயே அவள் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் போட்டிருந்தாள். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில் அந்த அறிவிப்பு வரும். நானும் போட்டிருந்தேன். இடம் கிடைக்கும் என்று எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.